மன்ரோ ஊற்றிய வெந்நீர்

ராபினா கெடஸ் கோபக்காரி இல்லை. எங்கள் ஊர்ப் பொதுக்கூடத்தின் சாவி பல வருஷமாக அவளிடம்தான் இருந்தது. கல்யாணம், சாவு விருந்து, நாய்க் கண்காட்சி, எதுவானாலும் அவள்தான் திறப்பாள், அவள்தான் பூட்டுவாள். நானும் அவளும் அங்கே சமையலறையில் சேர்ந்து சூப் காய்ச்சுவோம். குடித்துவிட்டு யாராவது நாற்காலியை உடைத்தால்கூட, “போகட்டும், அதுக்கும் வயசாயிடுச்சு” என்று துடைப்பத்தை எடுப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு மனுஷன்மேல் வந்த வன்மத்தை ஒரு வருஷம் முழுக்க நெஞ்சுக்குள் வைத்து வளர்த்தாள்.

அந்த மனுஷன் கிரெகர் மன்ரோ. எங்கள் பள்ளத்தாக்கில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர்களைப் பழுதுபார்ப்பவன் அவன் ஒருத்தன்தான். மற்றவர்கள் பெர்த் நகரத்திலிருந்து வர வேண்டும், பனிக்காலத்தில் லேசில் வர மாட்டார்கள்.

முந்தின குளிர்காலம், உறைபனி இறுகிக் கிடந்த ஒரு காலையில் ராபினா வீட்டு பாய்லர் நின்றுவிட்டது. உள்ளே யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி ‘கொளகொள’ என்று ஒரு சத்தம், முகப்பில் பழுதைக் காட்டும் எண் ஒன்று மின்னியது, அவ்வளவுதான். அவள் புருஷன் டூகல் கல்குவாரியில் வேலை பார்த்தவர். நுரையீரல் முழுக்கக் கல்தூசி. குளிர் அவருக்கு ஆகவே ஆகாது. அதனால் அவள் யோசிக்காமல் மன்ரோவைக் கூப்பிட்டாள்.

அவன் வந்தான். மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான். உச்சுக் கொட்டினான்.

“உள்ள விரிசல் விட்டிருக்கும்மா. இனிமே இதைத் தொடவே கூடாது. விஷவாயு கசிஞ்சா ரெண்டு பேரும் தூக்கத்துலயே போயிடுவீங்க.”

“ரிப்பேர் பண்ண முடியாதா?”

“பண்ணலாம். ஆனா என் மனசாட்சி ஒத்துக்காதே! புதுசு மாட்டிடலாம். நாலாயிரத்து இருநூறு பவுண்டு. உங்களுக்குன்னு குறைச்சுத்தான் சொல்றேன்.”

பாய்லரை அணைத்து, அதன்மேல் ‘உபயோகிக்காதே’ என்று ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டு, ராபினா கொடுத்த டீயையும் குடித்துவிட்டுப் போனான்.

அவ்வளவு பணம் அவர்களிடம் இல்லை. கடன் கேட்டு வங்கிக்கு அலைந்தாள். டூகல் கோட்டும் தொப்பியும் போட்டபடி படுக்கையில் கிடந்தார். ஒரு சின்ன மின்சார ஹீட்டர் அவர் காலடியில் இருந்தது, அறை முழுக்க அவர் மூச்சு புகையாக நின்றது. வங்கி பதில் சொல்வதற்குள் அவருக்கு நிமோனியா. ஆம்புலன்ஸ் வந்து பெர்த் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனது.

அதே வாரம் பொதுக்கூடத்து பாய்லரும் நின்றது. அதே கொளகொள, அதே எண். கூடம் உள்ளூர் கவுன்சிலுடையது, அதனால் அங்கிருந்து பழுதுபார்க்க ஒருவன் வந்தான். மன்ரோ மாதிரி உச்சுக் கொட்டவில்லை. நேரே வெளியே போய், சுவரை ஒட்டிக் கீழே இறங்கும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குழாயைத் தட்டிப் பார்த்தான்.

“பாய்லர்ல சேர்ற தண்ணி இது வழியாத்தான் சொட்டணும். இது உறைஞ்சு அடைச்சுக்கிச்சு, அதான் மெஷின் பயந்து நின்னுடுச்சு. கெட்டில்ல வெந்நீர் இருக்கா?”

ஊற்றினான். உள்ளே பாய்லர் எரிய ஆரம்பித்தது. “இதுக்கு ஒரு ஸ்பாஞ்சு உறை போட்டுட்டா திரும்ப வராது” என்று ஒன்றை மாட்டியும் விட்டான்.

ராபினா அவனை விடவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவன் மூடியைக் கழற்றி நிதானமாகப் பார்த்தான். சிவப்புச் சீட்டைப் பார்த்தான்.

“விரிசலா? எங்க? எவன் சொன்னது?”

ராபினா கெட்டிலில் வெந்நீர் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய் அங்கிருந்த குழாயில் அவளே ஊற்றினாள், அவன் பாய்லரை மறுபடி போட்டான். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க ரேடியேட்டர்கள் டிக் டிக்கென்று சூடேறின. சூடாக வேண்டிய மனுஷன் மட்டும் வீட்டில் இல்லை. காலியான படுக்கைக்குப் பக்கத்தில் அந்தக் கதகதப்பில் நின்றபோது தனக்கு அழுகை வரவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். “வாயில ஒரு கசப்பு வந்துச்சு, நெட்டா. அதுக்கப்புறம் அது போகவே இல்ல.”

மன்ரோவுக்கு போன் பண்ணிக் கேட்டாள். அவன் சிரித்தான்.

“நான் பாதுகாப்புக்காகச் சொன்னேன். பாதுகாப்பு அதிகமாப் பார்த்தது ஒரு தப்பா? புகார் பண்ணணும்னா பண்ணிக்கோங்க.”

அதோடு விட்டிருந்தால்கூட அவள் விழுங்கியிருப்பாள். ஆனால் அவன் மதுக்கடையில் உட்கார்ந்து, “காசை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு புருஷனை ஆஸ்பத்திரியில தள்ளிட்டா, இப்ப என்மேல பழி போடுறா” என்று சொல்லிவிட்டான். சின்ன ஊர். அன்றைக்கே அது அவள் காதுக்கு வந்தது. டூகல் உயிரோடு திரும்பினார். ஆனால் மாடிப்படி ஏறுகிற மனுஷனாகத் திரும்பவில்லை. கட்டிலைக் கீழே இறக்கிப் போட்டார்கள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் மன்ரோ பொதுக்கூடத்துக்கு வந்து நின்றான். மகள் கிர்ஸ்டிக்குக் கல்யாணம், பிப்ரவரியில். சடங்கு, விருந்து, நடனம் எல்லாம் அங்கேயேதான்.

“கூடத்தை நல்லாக் கதகதப்பா வச்சிருப்பீங்கல்ல ராபினா?” என்றான், எதுவுமே நடக்காத மாதிரி.

“என்னால ஆனதைச் செய்றேன்” என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை நாங்கள் இருவரும் சூப்புக்குக் காய் நறுக்கி முடித்தோம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. உறைபனி கடுமையாக இறங்கப் போகிறது என்று மூக்கு நுனியே சொன்னது. தோலைக் கொட்ட வெளியே போனேன். சுவரோரம் வெள்ளைக் குழாய் அம்மணமாக நின்றது. உறையைக் காணோம்.

உள்ளே வந்து, “அடியே, குழாய் உறை கழண்டு போச்சு. நாளைக்குக் கல்யாணம். தேடி மாட்டட்டுமா?” என்றேன்.

ராபினா கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“கழண்டு போகல.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அந்தப் பொண்ணு என்ன பாவம் செய்தாள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எங்கள் வீட்டு பாய்லர் ஞாபகம் வந்தது. அதையும் விரிசல் என்று சொல்லிக் கழற்றி எடுத்துப் போனவன் மன்ரோதான். வாயை மூடிக்கொண்டு கோட்டை மாட்டினேன்.

மறுநாள் மத்தியானம் விருந்தாளிகள் வரத் தொடங்கும்போது கூடம் ஐஸ்பெட்டியாக இருந்தது. ஆண்கள் எல்லாரும் கல்யாணத்துக்கென்று முழங்கால்வரை நிற்கும் கில்ட் பாவாடை கட்டியிருந்தார்கள். வெறும் முழங்கால்கள் சிவந்து, பிறகு நீலமாக ஆரம்பித்தன.

“இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் நின்னா மாப்பிள்ளைக்கு முதலிரவு கிடையாதுடா” என்று கிழவர் இம்ரி சத்தமாகச் சொன்னார். பெண்கள் சிரித்தார்கள், பற்கள் கிட்டிக்க. பேக்பைப் வாசிக்கிறவன் விரல் மடங்கவில்லை என்று அக்குளில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

மன்ரோ கில்ட்டும் கோட்டில் பூவுமாக விறுவிறுவென்று வந்தான்.

“என்ன ராபினா இது, பிணவறை மாதிரி இருக்கு?”

“பாய்லர் நின்னுடுச்சு. நல்லவேளை, நீங்களே இருக்கீங்க” என்றாள்.

பாய்லர் கூடத்து வாசலை ஒட்டின நடையில் ஓர் அலமாரிக்குள் இருந்தது. அவள் கதவை அகலத் திறந்து வைத்தாள். கொளகொள என்று சத்தம் கேட்டது. எண் மின்னியது. மன்ரோவுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. அவன் கண் தானாகவே வெளிச்சுவர்ப் பக்கம் போனதை நான் பார்த்தேன்.

“எல்லாரும் கொஞ்சம் வாங்களேன்” என்றாள் ராபினா. குரலை உயர்த்தவில்லை. ஆனால் குளிரில் நிற்கிறவர்களுக்கு பாய்லரைத் தவிர வேறு என்ன அக்கறை? நடை நிரம்பிவிட்டது.

“போன குளிர்காலத்துல எங்க வீட்டுலயும் இதே சத்தம். இதே எண். உள்ள விரிசல், தொட்டா செத்துப்போவீங்கன்னு சொன்னீங்க. நாலாயிரத்து இருநூறு கேட்டீங்க. இதுவும் விரிசலா, மன்ரோ? கழட்டித் தூக்கிப் போட்ருவோமா?”

அவன் முகம் வெளுத்தது. “ஒவ்வொரு பாய்லரும் வேற வேற மாதிரி. இதைப் பத்திப் பேச இதுவா நேரம்?”

“எங்க வீட்டுலயும் கொளகொளன்னுதான் சத்தம் வந்துச்சு” என்றேன் நான். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

“ஏன்பா மன்ரோ, என் தங்கச்சி வீட்டுலயும் விரிசல்னுதானே சொன்ன?” என்றார் இம்ரி. “நம்ம ஊர்ல பாய்லருக்கெல்லாம் ஒரே வியாதியா?”

பின்னாலிருந்து இன்னும் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். இனி சிரிப்பு இல்லை. மன்ரோ அலமாரிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்றான். சரிசெய்தால் தன் பொய்யைத் தானே நிரூபிக்க வேண்டும். சரிசெய்யாவிட்டால் மகளின் கல்யாணம் இந்தக் குளிரில் நடக்க வேண்டும். ராபினா அவனை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்தவள் தட்டைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

அப்போதுதான் கிர்ஸ்டி வந்தாள். வெள்ளைக் கவுனுக்கு மேல் யாருடைய மேல்கோட்டையோ போர்த்தியிருந்தாள். உதடு நீலம்.

“அப்பா, இன்னும் எவ்வளவு நேரம்? உங்களால முடியும்தானே?”

அவன் மகளைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “குழாய்தான் உறைஞ்சிருக்கு. கொஞ்சம் வெந்நீர் வேணும்” என்றான்.

“கேக்கல” என்றாள் ராபினா.

“வெந்நீர் போதும்னு சொன்னேன்!”

ராபினா சமையலறைக்குப் போய்க் கெட்டிலை எடுத்து வந்தாள். ஏற்கெனவே சூடு பண்ணி வைத்திருந்தாள். அவன் அதை வாங்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

கல்யாணக் கூட்டம் முழுக்க அவன் பின்னாலேயே வெளியே போனது. கில்ட்டோடு பனியில் குந்தி உட்கார்ந்து அவன் அந்தக் குழாயில் வெந்நீரை ஊற்றினான். ஆவி எழுந்தது. கீழ்முனையிலிருந்து விரல் தடிமனில் ஒரு பனித்துண்டு நழுவி விழுந்தது. உள்ளே பாய்லர் உறுமி எரியத் தொடங்கியது. யாரும் கை தட்டவில்லை.

இம்ரி மட்டும் கேட்டார்: “கூலி எவ்வளவுப்பா ஆச்சு?”

கல்யாணம் நடந்தது. கூடம் சூடானது, சூப் தீர்ந்தது, பிடிலுக்கு எல்லாரும் ஆடினார்கள். ஆனால் மணப்பெண்ணின் அப்பா பேச எழுந்து, “அன்பான நண்பர்களே” என்று தொடங்கியபோது, பின்வரிசையில் யாரோ கண்ணாடிக் கோப்பையில் வாய்வைத்துக் கொளகொள என்று சத்தம் எழுப்பினார்கள். அடுத்த மேசை அதைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் கூடம் முழுக்கக் கொளகொள. மன்ரோ காகிதத்தை மடித்துவிட்டு உட்கார்ந்தான். சமையலறைக் கதவிடுக்கில் நின்று ராபினா கடைசி வரை கேட்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை. நன்றாகச் சாப்பிட்டு எழுந்தவளின் அமைதிதான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கிர்ஸ்டி உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது.

“நீங்க வேணும்னே செஞ்சதுதானே?”

“உறையை நான்தான் எடுத்தேன். மீதியைப் பனி செஞ்சுது.”

“என் கல்யாணத்துல! என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, அவரை உங்க வீட்டு வாசல்ல வந்து மன்னிப்புக் கேக்க வச்சிருப்பேன்.”

“எனக்கு வாசல்ல வேணாம்மா. மதுக்கடையில ஊர் முன்னாடி பேசினவருக்கு ஊர் முன்னாடிதான் வேணும்” என்றாள் ராபினா. “உன்னைக் குளிர்ல நிறுத்தினதுக்கு மன்னிச்சிடு. அது மட்டும்தான் தப்பு.”

“மன்னிக்க மாட்டேன்.”

“சரி.”

கிர்ஸ்டி கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியேறினாள். ராபினா பாத்திரம் தேய்க்கத் திரும்பினாள். அவள் தோள் ஒருமுறை குலுங்கியதாக எனக்குத் தோன்றியது. நான் துண்டை எடுத்துத் தேய்த்த பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அன்று வீட்டுக்குப் போய் டூகலிடம் எல்லாவற்றையும் சொன்னாளாம். அவர் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். பிறகு, “அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் குளிர்ல நின்னாளா?” என்று கேட்டார். “கொஞ்ச நேரம்” என்றாளாம். அவர் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மன்ரோ கவுன்சிலில் புகார் கொடுத்தான். அவர்கள் ராபினாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆமாம், நான்தான் என்று சொல்லிக் கூடத்தின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். மன்ரோவை எங்கள் பள்ளத்தாக்கில் அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. பாய்லர் நின்றால் போர்வையைப் போர்த்திக்கொண்டு பெர்த்திலிருந்து ஆள் வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள். வசந்தம் வருவதற்குள் அவன் வேனில் எழுதியிருந்த பெயரை அழித்துவிட்டு, டண்டீயில் யாரோ ஒருத்தனிடம் கூலிக்குச் சேர்ந்தான்.

அவன் வீடு மட்டும் இன்னும் இங்கேதான். சாயங்காலம் அந்த வேன் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். ராபினா எந்த வேலையாக நடந்துகொண்டிருந்தாலும் அதைக் கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு நடைபாதையில் நின்றுவிடுவாள். “வாடி, போதும், போவோம்” என்று நான் கையைப் பிடித்து இழுப்பேன். அசைய மாட்டாள். அவன் திரும்பி அவளைப் பார்க்கும் வரை நிற்பாள். பார்த்த பிறகுதான் பையை எடுப்பாள்.