தெருவுக்கு வருகிறவர்கள்

“பெட்டி திரும்பாதுக்கா. வெளியிலயே வச்சிருவோமா?”

குளிர்பெட்டியைக் கொண்டுவந்த இருவரும் நடையில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். முன்முனை கூடத்து நிலையில் இடித்தது. பின்முனை இன்னும் வாசற்படியில் இருந்தது.

“திரும்பும்,” என்றாள் பெர்சிஸ். “கூடத்துக் கதவைக் கழட்டுங்க. கீல்ல ஆறு திருகுதான். தலைப்பக்கத்தைத் தூக்கிச் சாய்ச்சு விட்டா உள்ள போயிரும்.”

போய்விட்டது. எந்த வாசலில் பீரோ நுழையும், எதில் நுழையாது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவள் அவள். பதினாறு வருடமாக அப்பா வேதமுத்துவும் அவளுமாகப் பாளையங்கோட்டையில் வீடு வாங்கிக் கொடுத்தும் விற்றுக் கொடுத்தும் வருகிறார்கள். அதற்கு முன் இருபது வருடம் அவர் தனியாகச் சைக்கிளில் அலைந்தார். இப்போது உள்ளறைக் கட்டிலில், நாடியைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணியோடு, தூக்கிப் பெட்டியில் வைக்கக் காத்துக் கிடந்தார்.

விடியற்காலை ஐந்தரைக்கு நெஞ்சைக் கரிக்கிறது என்றார். பெர்சிஸ் வெந்நீர் வைத்து எடுத்துவருவதற்குள் சுவரில் சாய்ந்தவாக்கில் போய்விட்டார். அவள் அழுதது அந்த ஐந்து நிமிடம்தான். அதன்பிறகு ஒவ்வொன்றாகச் செய்தாள். பெங்களூரிலிருந்த தம்பி ஹெப்ரானுக்குச் சொன்னாள். சபையின் சேகரகுருவிடம் பேசி நாலரை மணி அடக்கத்துக்கு நேரம் வாங்கினாள். பந்தல் போடுகிறவனிடம், தெருவை முழுசாக அடைக்காமல் ஒரு பக்கம் வண்டி போக இடம் விடச் சொன்னாள். பத்து மணிக்குள் எல்லாம் ஒழுங்காகிவிட்டது.

ஒன்றைத்தான் ஒழுங்குபடுத்த முடியவில்லை. அது வியாழக்கிழமை நடந்தது.

தெருவின் கடைசியில் சாலோமி டீச்சர் வீடு விற்பனைக்கு இருந்தது. டீச்சர் கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்கப்போகிறாள். காயல்பட்டினத்து நூகு அந்த வீட்டைக் கேட்டிருந்தார். இருபத்திரண்டு வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். மகளுக்கு இங்கே மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அவளை விடுதியில் விட மனமில்லாமல் குடும்பத்தோடு இங்கே வந்துவிட நினைத்தார். விஷயம் வெளியே தெரிந்ததும் தெரு சங்கத்தின் தலைவர் அப்பாத்துரை இரண்டு முறை வந்து, “நம்ம தெருவுக்கு ஒத்து வராதுமா,” என்று பெர்சிஸிடம் சொல்லிவிட்டுப் போனார். அவளும் வியாழக்கிழமை நூகுவின் மனைவி ஹமீது பீவியைப் போனில் கூப்பிட்டு, மேலப்பாளையத்தில் ஒரு நல்ல வீடு இருக்கிறது, பள்ளிவாசலும் பக்கம், அங்கே உங்களுக்கு வசதியாக இருக்கும் என்றாள்.

போனை வைத்ததும் அப்பா கேட்டார். “அந்த அம்மா மேலப்பாளையத்துல வீடு கேட்டாவளா?”

“இல்லப்பா.”

“பொறவு?”

அவள் மேசைமேல் கிடந்த சாவிக்கொத்தை எடுத்து ஆணியில் மாட்டினாள். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் சாப்பிட வாங்க, மாத்திரை போட்டாச்சா என்பதைத் தவிர இருவருக்கும் பேச்சு இல்லை. சனிக்கிழமை விடிவதற்குள் அவர் இல்லை.

பதினோரு மணிக்கு அப்பாத்துரை வந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பெட்டியின் கண்ணாடிமேல் கைவைத்து வெகுநேரம் நின்றார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. பிறகு பெர்சிஸைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்.

“தைரியமா இருக்கணும், என்னம்மா. கல்லறைக்குக் குழி வெட்ட ஆள் சொல்லியாச்சு. நான் போய்ப் பாத்துட்டுத்தான் வாரேன்.”

“சரி மாமா.”

“பொறவு, அந்த டீச்சர் வீட்டு விஷயம். நீ அவங்கள மேலப்பாளையம் பக்கம் அனுப்பிட்டியாமே. நல்ல காரியம் செஞ்ச. சங்கத்துல எல்லாருக்கும் திருப்தி.”

பெர்சிஸுக்கு முகம் சுட்டது. யாராவது திட்டியிருந்தால்கூட அப்படிச் சுட்டிருக்காது.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன், அவள் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு மூன்று பேர் இதே பின்கட்டில் வந்து அப்பாவைச் சுற்றி நின்றார்கள். தெருவின் நடுவிலிருக்கும் வீட்டை வாங்கப்போகிறவன் நம்ம ஆள் இல்லை, அந்த ஆட்களை இங்கே கொண்டுவராதே என்றார்கள். சபை ஒன்றுதான், ஆனாலும் பக்கத்து வீடு என்பது வேறு என்றார் ஒருவர். அப்பா, “பேச்சு முடிஞ்சாச்சே அண்ணாச்சி,” என்று மட்டும் சொல்லி, வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். அடுத்த மாதம் அந்த நடுவீட்டில் பால் காய்ச்சிய மின்வாரியத்துக்காரர்தான் அப்பாத்துரை. அவருக்கு இது தெரியாது. அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அந்த மூன்று பேரும் செத்துப்போனார்கள். இனி இதை அறிந்தவள் பெர்சிஸ் ஒருத்திதான்.

நாக்கு நுனிவரை வந்தது. அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “காப்பி குடிச்சிட்டுப் போங்க மாமா,” என்றாள்.

மதியத்துக்கு மேல் நூகுவும் ஹமீது பீவியும் வந்தார்கள். சாலோமி டீச்சர் போன் செய்து சொல்லியிருந்தாள். நூகு பந்தலில் ஆண்களோடு உட்கார, அவரைச் சுற்றி இரண்டு நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. ஹமீது பீவி உள்ளே வந்து பெட்டியருகே நின்றாள். டீச்சர் பாயில் நகர்ந்து, “இங்கன உக்காரும்மா,” என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஹமீது பீவி பெர்சிஸின் கையைப் பிடித்தாள். “நேத்து சாயங்காலம் உங்க வாப்பா பேசுனாங்க, தெரியுமா?”

“யாருகிட்ட?”

“என்கிட்டதான். வீட்டைப் பத்தித்தான் பேசுனாங்க. மாடிக்குத் தண்ணி ஏற மோட்டார் போட்டாகணும், கார்த்திகை மழைக்குப் பின்சுவரு ஓதமடிக்கும், அதையெல்லாம் தெரிஞ்சுகிட்டு வாங்கன்னாங்க. நான் கேட்டேன், உங்க மக மேலப்பாளையம்னு சொன்னாங்களேன்னு.”

பெர்சிஸ் அவள் முகத்தையே பார்த்தாள்.

“அது அவசரத்துல சொன்னது, திங்கக்கிழமை எம்மவளே கூட்டிட்டுப் போயி டீச்சர் வீட்டைக் காட்டுவான்னாங்க. நீங்களே வந்து காட்டக்கூடாதான்னு கேட்டேன். இல்லம்மா, அவ காட்டுனாத்தான் சரியா இருக்கும்னாங்க.”

பெர்சிஸ் எழுந்து அடுக்களைக்குள் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதை ஒருமுறை அணைத்துப் பார்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். ஹெப்ரான் முன்னால் தோள் கொடுத்தான். அவனுக்கு நேர் அடுத்த பக்கத்தில் அப்பாத்துரை. அவர் வயதுக்கு அது பாரம்தான். மாற்றிக்கொள்ளச் சொன்னபோது தலையசைத்து மறுத்துவிட்டார். நூகு ஊர்வலத்தின் பின்னால் கல்லறைத் தோட்டம்வரை நடந்தார். எல்லோரும் மண் போட்டபோது அவரும் குனிந்து ஒரு கை அள்ளிப் போட்டார்.

திரும்பும் வழியில் பெர்சிஸ் அப்பாத்துரைக்குப் பக்கத்தில் வந்து நடந்தாள்.

“மாமா, டீச்சர் வீட்டைத் திங்கக்கிழமை அவங்களுக்குக் காட்டுதேன்.”

அவர் நின்றுவிட்டார். “மேலப்பாளையம்னுல்லா சொன்ன?”

“அது நான் சொன்னது தப்பு. அவங்க கேட்டது டீச்சர் வீட்டை.”

“சங்கத்துல ஒரு வார்த்தை கேக்கணுமேம்மா.”

“வீட்டைச் சங்கம் விக்கலையே மாமா. டீச்சர் விக்காவ. அவங்களுக்குச் சம்மதம்.”

“உங்கப்பா இருந்தா இப்படி எடுத்தெறிஞ்சு பேசமாட்டாரு.”

“எடுத்தெறிஞ்சு பேசல. உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னுதான் வந்தேன்.” அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. “நீங்க வீடு வாங்கும்போதும் அப்பா யாரையும் கேக்கல.”

“என் வீட்டுக்கு என்னத்த யாரக் கேக்க?”

கல்லறைத் தோட்டத்து மண் பெர்சிஸின் செருப்பில் ஒட்டியிருந்தது. அதைச் சாலையோரக் கல்லில் தேய்த்துவிட்டாள். அப்பாத்துரை அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். எதையோ கேட்க வாய் திறந்தவர், கேட்காமல் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஆனால் வீடு வரும்வரை வேகத்தைக் குறைத்து அவளோடு சேர்ந்தே நடந்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நூகுவின் கார் தெருவுக்குள் திரும்பியது. அவர் ஓட்ட, பின்னால் ஹமீது பீவியும் மகளும் இருந்தார்கள். பந்தல்காரன் மூங்கில்களைப் பிரித்து ஏற்றிக்கொண்டிருந்த குட்டியானை வண்டி பாதித் தெருவை அடைத்திருந்தது. மறுபக்கம் சாக்கடை ஓடும் வாறுகால். கார் முன்னால் வந்தது, நின்றது, பின்னால் போனது. தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் ஜன்னல் திரை விலகியது. யாரும் வெளியே வரவில்லை. பெர்சிஸ் டீச்சர் வீட்டு வாசலிலிருந்து இறங்கி வேகமாக நடந்தாள்.

அவள் பாதி தூரம் போவதற்குள் நடுவீட்டு இரும்புக் கதவு திறந்தது. அப்பாத்துரை பனியனோடு, கையில் மடித்த செய்தித்தாளோடு வெளியே வந்தார். காரையும் வாறுகாலையும் மாறிமாறிப் பார்த்தார். கதவோரம் நின்ற தன் ஸ்கூட்டரை உருட்டி உள்ளே விட்டார். பிறகு வாறுகால் விளிம்பில் வந்து நின்று, செய்தித்தாளால் சைகை காட்டினார்.

“வலது பக்கம் ஒடிங்க. இன்னும் ஒடிங்க. பைய. ஆங், வரட்டும்... வரட்டும்... வரட்டும்.”