பிரேக் பிடிக்காத ட்ரெய்லர்

ட்ரெய்லருக்கு வயரிங் செய்தவன் அரசு. அதனால் நேற்று காலை கே.ஜி.கண்டிகை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனதும் பழி முழுக்க அவன் தலையில்தான் விழுந்தது. பழி போட்டது வேறு யாருமில்லை, அவனேதான். பாத்திரம், சேர், சாமியானா என்று கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் அவன் 'பாவா' என்று கூப்பிடும் அக்காள் புருஷன் ராஜீவ் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலை என்றிருந்தது அரசுக்கு.

பிக்கப்பை ஓட்டியது அரசு. பின்னால் ட்ரெய்லர் நிறைய அண்டா குண்டா. முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போன ஆட்டோ சட்டென்று நின்றது. இவன் பிரேக்கை மிதித்தான். பிக்கப் நிற்கப் பார்த்தது, ட்ரெய்லரோ பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது. ஆட்டோவுக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் வண்டி நின்றது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் குழந்தை, என்ன நடந்திருக்கும் என்றே தெரியாமல், அவனைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவனை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

இன்று ஒன்பது மணிக்கு, கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் இருவரும் வேலையை ஆரம்பித்தார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ளங்கையளவு டப்பா ஒன்று இருக்கிறது. டிரைவர் பிரேக்கை மிதித்தால் ட்ரெய்லர் சக்கரத்து பிரேக்குக்குக் கரண்ட் அனுப்ப வேண்டிய கன்ட்ரோலர் அது. அதிலுள்ள சின்ன லீவரைத் தள்ளினால் ட்ரெய்லர் பிரேக் மட்டும் தனியாகப் பிடிக்கும். ராஜீவ் ட்ரெய்லரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். அரசு லீவரைத் தள்ளினான். சக்கரம் யாருக்கு வந்த விருந்தோ என்று சுற்றிக்கொண்டே இருந்தது.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. எர்த் போல்டைக் கழற்றிச் சுரண்டி முடுக்கியும் பலனில்லை.

"மீட்டர் பன்னண்டு வோல்ட் காட்டுது பாவா. ட்ரெய்லர் லைட்டும் எரியுது. அப்புறம் இன்னா கேடு இதுக்கு?"

"பொறுமையா பாருடா. ராவெல்லாம் தூங்காத கண்ணு, இன்னாத்த தெரியும்?"

மீட்டரை நம்பக் கூடாது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மீட்டருக்கு வேண்டியது துளிக் கரண்ட். லைட்டெல்லாம் எல்இடி, அதற்கும் கொஞ்சம் போதும். பிரேக்குக்குத்தான் வயிறு பெரிது. அதே மாதிரி நிறையக் கரண்ட் தின்னும் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றைத் தேடி எடுத்து, பிக்கப் பக்கத்து வயரில் கொடுத்து லீவரைத் தள்ளச் சொன்னான். பல்பு கண் கூசுகிற மாதிரி எரிந்தது. அப்படியென்றால் கன்ட்ரோலர் வரைக்கும் அவன் செய்த வேலையில் குற்றமில்லை. பிளக்கை மாட்டி, ட்ரெய்லர் பக்கத்து வயரில் அதே பல்பைக் கொடுத்தான். சீக்காளி மாதிரி மங்கலாக எரிந்தது.

கோளாறு நடுவில்தான், அந்தப் பிளக்கில்தான். கழற்றி, செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். ஏழு துளையிலும் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

அந்த நேரம் பார்த்து டிபன் தூக்குடன் வந்தாள் அக்காள் தேவயானி.

"அக்கா, வெள்ளிக்கெழம வண்டிக்குப் பூசை போட்டியே, பிளக்குக்குமா பொட்டு வெச்ச?"

"ஆங், வெச்சேன். டயருக்கு வெச்சேன், ஸ்டியரிங்குக்கு வெச்சேன், அத மட்டும் மூளியா வுட்டா நல்லாவா இருக்கும்? வெரலு நொழையல. ஊதுபத்திக் குச்சியால ஒண்ணொண்ணுக்கும் வெச்சேன்."

ராஜீவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அரசு பழைய டூத் பிரஷ்ஷைப் பெட்ரோலில் நனைத்து ஏழு துளையையும் தேய்த்து, காயவிட்டு, பிளக்கை மாட்டினான். ராஜீவ் சக்கரத்தைச் சுற்றினான். லீவரைத் தள்ளியதும் சக்கரம் டக்கென்று நின்றது. நம்பிக்கை வராமல் நான்கு முறை தள்ளிப் பார்த்தான். நான்கு முறையும் நின்றது. நெஞ்சிலிருந்த பாரம் மொத்தமும் இறங்க, கண்ணீர் தானாக வந்தது அவனுக்கு. தன் கை தப்பு செய்யவில்லை!

திரும்பினால் தேவயானி முகம் வெளுத்து நிற்கிறாள்.

"அப்போ நேத்து... அந்தப் புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, அது என்னாலதானே?"

தன் பாரம் எங்கே போய் இறங்கியிருக்கிறது என்று அரசுக்குப் புரிந்தது. கொஞ்சம் முன்பு சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

"லோடு ஏத்தினா கெளம்பறதுக்கு முன்னாடி லீவர ஒரு தபா தள்ளிப் பாக்கணும்க்கா. நேத்து நான் பாக்கல. அது என் தப்புதான்."

"எங்க பாக்கவுட்டேன்?" என்றான் ராஜீவ். "நேரமாச்சு, எடு எடுன்னு தலைமேல நின்னுகினு கத்தினது நானு."

தேவயானிக்கு மனசு ஆறவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அரசு, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னான்.

"காலைல எட்டரைக்குக் கண்டிகை போயி ரோட்டோரம் நின்னேன்க்கா. அதே ஆட்டோ வந்துச்சு. எண்ணிப் பாத்தேன். ஒம்போது புள்ளைங்க. ஒம்போதும் கத்திகினு, ஒண்ண ஒண்ணு கிள்ளிகினு இஸ்கூலுக்குப் போச்சுங்க."

ராஜீவ் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"தெரியும்டா. எதுத்தாப்ல டீக்கடையில நானும் நின்னுகினுதான் இருந்தேன்."