ஒரே துண்டாகப் பதினாறு எம்பி

தாங்கியில் நாற்பது போன்கள் நின்றன. காலையிலிருந்து அவற்றில் செயலிகள் திறந்து மூடி, திறந்து மூடி ஓய்ந்திருந்தன. இனி எல்லாவற்றிலும் கேமரா திறக்க வேண்டும். பாங்யோ நகர அலுவலகத்தின் ஏழாவது மாடியில், ஓக் சேரின் என்ற ஒப்பந்த ஊழியர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள்.

கேமராவுக்கு நினைவகத்தில் பதினாறு எம்பி, அதாவது பதினாறு மெகாபைட் இடம் ஒரே துண்டாக வேண்டும். ஓடிக் களைத்த போனில் காலியிடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடக்கும். அதனால் இதுவரை கேமராவுக்கென்று ஓர் இடத்தை வேறு எந்தச் செயலிக்கும் தராமல் பூட்டியே வைத்திருந்தார்கள். சேரினுக்கு அந்த விரயம் பொறுக்கவில்லை. கேமரா கேட்காதவரை மற்றவர்கள் அதில் இருந்துகொள்ளட்டும், கேட்டதும் அவர்களை நகர்த்திவிடலாம் என்று போனின் அடிப்படை மென்பொருளான கெர்னலில் எழுதினாள். இன்று ஒரு போன் சறுக்கினாலும் அவள் எழுதியது குப்பைக்குப் போகும்.

"அக்கா, இருபத்தேழாவது போன்ல கேமரா திறக்கல," என்றான் பக்கத்து இருக்கை தூஹ்யோன். அவனும் ஒப்பந்தம்தான். "அஞ்சு மணிக்கு டீம் லீடர் வந்துருவாரு. போச்சு."

"ஒப்பாரி வைக்காத. பதிவ எடு."

மதியச் சாப்பாட்டை மறந்து தேடினாள். கைரேகை உணரியை இயக்கும் டிரைவர் மென்பொருள், கேமராவின் இடத்துக்குள் நினைவகத்தின் ஒரே ஒரு சிறு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பாரு இவன! நாலாயிரம் பக்கம் மரியாதையா எழுந்து போயிருச்சு. இவன் மட்டும் கால நீட்டிப் படுத்திருக்கான்."

நெடுநேரம் பிடித்துவைக்கப் போகிறவர்களை முதலிலேயே கேமராவின் இடத்துக்கு வெளியே அமர்த்தும்படி பதினோரு வரி எழுதினாள். சோதனை மறுபடி ஓடியது.

ஐந்து மணிக்கு லீடர் மா வந்தபோது நாற்பது திரைகளிலும் சேரினின் முகம் தெரிந்தது. அவளுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

"பிரமாதம்மா! புது மாடல்ல இதுதான் போகுது," என்றார் மா. "அப்புறம், கேமரா டீம் பன்னெண்டு பேரு திங்கக்கிழமை வர்றாங்க. சேர்ந்தாப்ல உக்காரணுமாம். இந்த வரிசைல ஒப்பந்தக்காரங்க இன்னிக்கே காலி பண்ணிடுங்க."

"எங்க சார் போறது?" என்று கேட்டாள் சேரின்.

"எங்க காலியோ அங்க. நீ நாலாவது மாடி. அவன் ரெண்டாவது."

"பத்து நிமிஷம் போதும் சார். எங்க உக்காந்தாலும் எழுதுறது நான்தானே," என்றாள்.

தலைநிமிர்ந்துதான் இறங்கினாள். நாலாவது மாடியில், நகல் இயந்திரத்தின் பக்கத்தில் அவளுக்கென்று சொன்ன மேஜையில் காகிதக் கட்டுகள் கழுத்தளவு இருந்தன. நாற்காலி இல்லை. தன் கணினித் திரையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இறக்கி வைக்க இடம் தேடி நின்றாள்.