இன்னைக்கு என்ன பாத்தே?

அம்மாவை ஏற்றிய வண்டி சிக்னலில் நின்றபோது, நடைபாதையில் ஒருவர் பெரிய மெத்தையைத் தலைமேல் சுமந்துகொண்டு போவதை அவள் பார்த்தாள். மெத்தை இரண்டு பக்கமும் தொங்கி அவர் முகத்தை மூடியிருந்தது. முன்னால் நடந்த பெண்மணி அவருடைய சட்டை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பள்ளம் வந்த இடத்தில் எல்லாம் நின்று திட்டினாள். மெத்தைக்குள்ளிருந்து அவர் ஏதோ பதில் சொன்னார்.

சாயங்காலம் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சட்டை நுனியைச் சொல்ல மறந்துவிடக் கூடாது.

பிறகுதான், தன் முழங்காலுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணிக்குள் இருப்பது அம்மா என்பது நினைவுக்கு வந்தது.

"என்னடி பாக்கறே?" என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த சித்தி. அம்மாவின் தங்கை. காலையிலிருந்து அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"ஒண்ணுமில்ல சித்தி."

இந்த "ஒண்ணுமில்ல"வை அம்மா விட்டுவைத்ததே இல்லை.

அம்மா பஸ் கண்டக்டராக இருந்தவள். நாளெல்லாம் படிக்கட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே நடந்து, ஊரையே ஜன்னல் வழியாகப் பார்த்துப் பழகியவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை அவளுடைய ஒரு கண்ணை எடுத்துக்கொண்டது. வீட்டில் எல்லாரும் இன்னொன்று இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் அதையும் எடுத்துக்கொண்டது. ஜன்னலோரம் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். மகள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் முதல் கேள்வி அதுதான்: "இன்னைக்கு என்ன பாத்தே?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாம எப்படிடி ஒரு தெரு இருக்கும்?"

அவளுக்குச் சொல்ல உண்மையிலேயே ஒன்றும் இருக்கவில்லை. கோர்ட்டில் தட்டச்சு வேலை. சாட்சி சொல்வதைக் காது வாங்கும், விரல்கள் அடிக்கும். நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றாது. அவளுக்கும்கூடத்தான். "டைப்பு வந்தாச்சா?" என்று கேட்பார்கள், மின்விசிறி போட்டாச்சா என்பதுபோல. வீட்டிலும் பேச்சு குறைவு. கப்பலில் சமையல்காரனாக இருக்கும் தம்பி எங்கோ ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டால், "நல்லா இருக்கோம். இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பதோடு அவள் பங்கு முடிந்துவிடும்.

ஒருநாள் அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல், பஸ் நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டே தூங்கி விழுந்தார் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"எத்தன மணிக்கு?"

"அஞ்சரை."

"அந்த நேரத்துல அந்த பெஞ்சுல வெயில் மூஞ்சியில அடிக்கும். எவன் அங்க தூங்குவான்? கண்ணு தெரியாதவகிட்ட டிக்கெட் இல்லாமப் போகப் பாக்கறியா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுநாள் அந்த பெஞ்சைத் தாண்டும்போது அவள் நின்று பார்த்தாள். வெயில் முகத்தில் அடித்தது. பெஞ்சுக்கு அடியில், அதன் நிழல் அளவுக்குத் தன்னைச் சுருக்கிக்கொண்டு ஒரு நாய் படுத்திருந்தது. அதைச் சொன்னபோது அம்மா, "வாலையும் உள்ள இழுத்துக்கிச்சா?" என்று மட்டும் கேட்டாள். அவள் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த நாள் அதற்காகவே போய்ப் பார்த்தாள்.

வண்டி மயானத்துக்குள் திரும்பியது.

உள்ளே எல்லாம் சீக்கிரம் முடிந்தது. அங்கே வேலை செய்பவர், "கடைசியா ஒருவாட்டி பாத்துக்கங்க" என்று துணியை விலக்கினார். சித்தி முகத்தை மூடிக்கொண்டாள். அவள் குனிந்து பார்த்தாள். கண்டக்டர் தோல்பையைத் தாங்கித் தாங்கி இறங்கிப்போன அந்த இடது தோள், படுத்திருந்தபோதும் மற்றதைவிடச் சற்றுக் கீழேயே இருந்தது. பை இல்லாத இத்தனை வருடத்திலும் அது பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அதையும் சொல்ல வேண்டும் என்று மனம் எடுத்து வைத்துக்கொண்டது. வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எப்படி ஆச்சு?

"காலையில. உக்காந்தபடியே." அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை.

"பாவம், அழக்கூட மாட்டேங்குது" என்று யாரோ வாசலில் சொன்னது காதில் விழுந்தது. கோர்ட்டிலிருந்து வந்திருந்த பெஞ்ச் கிளார்க், தண்ணீர் டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு. வந்துடு. இத்தன வருஷம் அவளுக்குக் கண்ணா இருந்தே, போதும். இனிமேலாவது உன் வாழ்க்கையப் பாரு."

"யோசிச்சு சொல்றேன் சித்தி."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

சித்தி அன்று அங்கேயே தங்கினாள். மறுநாள் காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில், மகள் ஜன்னலோர நாற்காலியில் முதல்முறையாக உட்கார்ந்தாள். கைப்பிடியில் அம்மாவின் உள்ளங்கை தேய்த்த இடம் வழவழப்பாக இருந்தது. தன் கையை அதன்மேல் வைத்தாள். இந்த வீட்டில் இனி செருப்புச் சத்தத்துக்கு யாரும் நிமிர மாட்டார்கள்.

உன் வாழ்க்கையைப் பார் என்கிறாள் சித்தி. அவள் பார்க்க முயன்றாள். அம்மாவுக்குப் பார்வை இருந்த காலத்தில் தான் எப்படி இருந்தோம் என்று தேடினாள். அத்தனை வருடம் கோர்ட்டுக்குப் போய் வந்திருக்கிறாள். அதில் ஒரு முகம்கூட எழுந்து வரவில்லை. தாள், எழுத்து, மதியச் சாப்பாட்டு டப்பா, அவ்வளவுதான். பிறகு வந்த வருடங்களைத் தொட்டால் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தன. கறுப்பு கோட்டின் நுனியால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காரும் வக்கீல். பொய் சொல்லும்போது மட்டும் "ஐயா" போடும் சாட்சி. வழக்கில் ஜெயித்த பிறகு எங்கே போவதென்று தெரியாமல் சாயங்காலம் வரை படியில் உட்கார்ந்திருந்த பெண். வீட்டுக்குப் போகிற வழியில் ஏதாவது வாங்கிப் போவதுபோல அவள் இவர்களை எல்லாம் அம்மாவுக்காகத்தான் பொறுக்கினாள். அப்படித்தான் இதுவரை நினைத்திருந்தாள்.

சில மாதங்களுக்கு முன் அம்மா கேட்டிருந்தாள். "நான் போனப்புறம் யார்கிட்டடி சொல்லுவே?"

"யார்கிட்டயும் இல்ல. எதுக்குப் பாக்கணும் அப்புறம்?"

"பாரேன். எனக்காகத்தான் பாக்கறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

அப்போது அவளுக்குக் கோபம் வந்தது. தன் உழைப்பைக் கேலி செய்வதாகப் பட்டது.

இப்போது கீழே தெருவில் பள்ளிக்கூட வேன் நின்றது. சீருடைச் சிறுமி ஒருத்தி ஏறும் முன் தன் நிழலைத் தாண்டிக் குதிக்க முயன்றாள். முடியவில்லை. மறுபடி குதித்தாள். டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். அதற்கான சொற்கள் தன் உதட்டில் அசைவதை அவள் உணர்ந்தாள். கேட்க ஆள் இல்லை. சொற்கள் நிற்கவும் இல்லை. அம்மா வேண்டும்போல இருந்தது, இப்போதே, இந்த ஒன்றை மட்டுமாவது கேட்டுவிட்டுப் போகலாம் என்பதுபோல. ஆனால் அந்த ஏக்கத்துக்கு அடியில் ஒன்று அசையாமல் இருந்தது. நாளைக்கும் பார்ப்பேன். விடுப்பு முடிந்து கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் பார்ப்பேன். இது அம்மாவுடைய வேலை இல்லை, என்னுடையது.

தலையைத் துவட்டிக்கொண்டே சித்தி வந்தாள். "துணிமணி எடுத்து வச்சுட்டியா?"

"நான் இங்கயே இருக்கேன் சித்தி."

"தனியா என்ன பண்ணுவே?"

"பாத்துக்கறேன்."

சித்தி பெருமூச்சு விட்டாள். "நீ பாத்துப்பே. அது தெரியும்" என்றாள், சமாளித்துக்கொள்வதைப் பற்றித்தான் பேசுகிறோம் என்ற நினைப்பில்.

தம்பி மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தான். தனக்காக அம்மாவை வைத்திருக்க வேண்டாம் என்று அவனேதான் போனில் சொன்னான். கப்பலிலிருந்து விமானம், அதிலிருந்து இன்னொரு விமானம். தோளில் பையோடு வாசலில் நின்றவன், காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தான். பையை இறக்கிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தான். சித்தி தேநீர் போட உள்ளே போனாள்.

"எப்படிப் போனாங்க அக்கா?"

காலையில, உக்காந்தபடியே. அந்த இரண்டு சொல்லும் வாய்வரை வந்தன. அவள் அவற்றை விழுங்கிவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஜன்னலைத் திறக்கச் சொன்னாங்க. நான் வேலைக்குக் கிளம்பியாச்சு, பை தோள்ல இருக்கு. எதிர்ல மருந்துக்கடைக்காரம்மா ஷட்டரைத் தூக்கிக்கிட்டிருந்தாங்க. பாதியில மாட்டிக்கிச்சு. 'என்னடி சத்தம்?'னாங்க அம்மா. சொன்னேன். அந்தம்மா ஷட்டரை ஒரு ஒதை விட்டாங்க. யாராவது பாத்தாங்களான்னு ரெண்டு பக்கமும் பாத்தாங்க. அப்புறம் குனிஞ்சு உள்ள நுழையப் போய், பாதியில மாட்டிக்கிட்டாங்க. ரெண்டு காலும் செருப்பும்தான் வெளிய."

தம்பியின் வாய் ஓரம் லேசாக அசைந்தது.

"அம்மா சிரிச்சாங்க. பஸ்ஸுல சிரிப்பாங்களே, அந்த மாதிரி. 'யாராவது போனாங்களா?'ன்னு கேட்டாங்க. பேப்பர் போடறவர் சைக்கிளை நிறுத்திட்டு ஓடிவந்து ஷட்டரைத் தூக்கினாரு. அந்தம்மா எழுந்து நின்னு, புடவையத் தட்டிக்கிட்டு, கடைக்கு வந்தவர்கிட்ட கேக்கற மாதிரி 'என்ன வேணும்?'னாங்க."

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"அதுக்கு அம்மா சிரிக்கல. நான் திரும்பிப் பாக்கல. ஏன்னு கேக்காத. தெரிஞ்சுபோச்சுன்னு நெனக்கிறேன். சொல்லிக்கிட்டே இருந்தேன். அந்தம்மா விளக்கு ஏத்தினது, பேப்பர்காரர் ஒண்ணும் புரியாம சைக்கிள் ஏறினது, முனையில திரும்பும்போது ஒருவாட்டி பின்னால பாத்தது. எதிர்ச் சுவர்ல வெயில் இறங்கினது வரைக்கும். எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் திரும்பினேன்."

உள்ளே சித்தி டம்ளர்களை எடுக்கும் சத்தம் நின்றிருந்தது.

"செருப்பு என்ன கலர்?" என்றான் தம்பி, நிமிராமல்.

"பச்சை. ஒண்ணுல வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தாங்க."

அவன் தலையசைத்தான். ஒரு ஷூவைக் கழற்றிச் சுவரோரம் வைத்திருந்தான். இன்னொன்றின் நாடா, பாதி அவிழ்ந்தபடி, இன்னும் அவன் விரல்களிலேயே இருந்தது.