ஒரே கட்டத்தில் எல்லா சைஸும்

2003. ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வெப்சைட் எழுதிய ஃபீபிக்கு மண்டை காய்ந்தது. ஒன்றாம் நம்பர் குழந்தை ஷூவைத் தேடினால், பத்தும் பதினொன்றும் சேர்ந்து வந்து நின்றன. ஒரு மாடலின் சைஸ்களையெல்லாம் கமா போட்டு டேட்டாபேஸில் ஒரே கட்டத்தில் அடைத்திருந்தாள். 10-க்குள்ளும் 11-க்குள்ளும் 1 இருக்கிறதே!

டீ குடிக்கப் போகிற வழியில், பேக்கிங் ஹாலில் ஒரே பெட்டிக்குள் மூன்று சைஸ் கலந்து கிடந்தது. பேக்கிங் பார்க்கும் பூவரசனிடம் பாய்ந்தாள்.

"இன்னா பூவரசண்ணா, சைஸுக்கு ஒரு பெட்டின்னு எத்தினி வாட்டி..."

பாதியிலேயே, தான் கமா போட்டு அடைத்த கட்டம் நினைவுக்கு வந்தது. டீயை மறந்து கம்ப்யூட்டரிடம் ஓடினாள். புது டேபிள் போட்டு, சைஸுக்கு ஒரு வரியாக ஏற்றினாள். இப்போது 1 என்று தேடினால் குழந்தை ஷூ மட்டுமே வந்தது!

வாசலில் பூவரசன் பயந்தபடி எட்டிப் பார்த்தான். "மேடம், தனித்தனியா பிரிச்சிட்டேன்."

ஃபீபி துள்ளிக் குதித்தாள். "நானும்தாண்ணா!"