எங்கள் பெயரில் ஒரு பெட்டி

முட்டி வலி என்றுதான் நவமணி சொன்னாள்.

“இந்த சனிக்கிழம நான் வர்லலா, சவுந்தரம். படியே எறங்க முடியல.”

“சரி, தைலத்தத் தேச்சிட்டுப் படு,” என்றேன்.

ஞாயிறு காலை கைப்பேசியைத் திறந்தால், பெட்டி தேடும் செயலியில், சுங்கை பாக்காப் ஊர்ப் பெட்டிக்குக் கீழே ரொஸ்னா எழுதியிருக்கிறாள்: ‘நவமணி அக்காவோடு கண்டுபிடித்தேன். தோட்டப் பாதையில் இரண்டு மணி நேர நடை!’

நவமணியும் நானும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஓய்வுக்குப் பிறகு பெட்டி தேடும் விளையாட்டுக்குச் சேர்ந்து போகிறோம். யாராவது ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் பழைய கதையைச் செயலியில் போடுவார்கள். கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டுப் பெட்டியை அங்கேயே திரும்ப வைக்க வேண்டும். நான்கு வருடத்தில் ஜார்ஜ்டவுனில் அறுபத்திரண்டு பெட்டிகள் எடுத்தோம். எல்லாத் தாளிலும் ஒரே பெயர்தான்: டெலிபோன் அக்காமார். செயலியிலும் இருவருக்கும் சேர்த்து அதே பெயரில் ஒரே கணக்கு.

ரொஸ்னா இந்த விளையாட்டுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆனால் அவளிடம் கார் இருக்கிறது.

நவமணியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. நானே ஒரு பெட்டியை ஒளித்தேன். வரைபடத்தில் இடத்தைக் காட்டாமல் ஒரு குறிப்பு மட்டும் போட்டேன்: ‘எக்ஸ்சேஞ்ச் பெண்களுக்குப் பகல் தேத்தண்ணி வந்த கடை. இரண்டாவது தூண்.’

அது முகம்மது கனியின் கடை. இப்போது அங்கே கைப்பேசி உறை விற்கிறார்கள். எங்கள் இருவரைத் தவிர யாருக்குத் தெரியும்? நவமணி தனியாக வருவாள், முதல் வரியில் எங்கள் பெயரை எழுதுவாள். ரொஸ்னா காரை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றட்டும்.

அடுத்த சனிக்கிழமை காலை குறிப்பு வெளியானது. எதிர்க் கோப்பிக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

“மூணாவது கோப்பி ஓடுது, அக்கா,” என்றான் கடைக்கார ஹைதர். “யாருக்குக் காத்திருக்கீங்க?”

“யாருக்கும் இல்ல. வெயிலு தணியட்டும்.”

“காலைல ஒம்பது மணிக்கு என்ன வெயிலு?”

அப்போதுதான் ரொஸ்னாவின் கார் வந்து நின்றது. இருவரும் இறங்கினார்கள். நவமணி நேரே இரண்டாவது தூணுக்குப் போய், குழாய்க்குப் பின்னால் கைவிட்டுப் பெட்டியை எடுத்தாள். நான் சாலையைக் கடந்தேன்.

“முட்டி எப்படி இருக்கு?”

“அடியே! நீ இங்கயா இருக்க?”

“பேச்ச மாத்தாத. ரெண்டு மணி நேரம் நடந்த முட்டியக் கேக்கறேன்.”

“சாரி அக்கா,” என்றாள் ரொஸ்னா. “உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்.”

“நீ இரும்மா,” என்றாள் நவமணி. “ஆமா, பொய்தான் சொன்னேன். உண்மையச் சொன்னா நீயும் வருவ. காருல ஏறுனதுலேர்ந்து எறங்கறவரைக்கும் நீதான் பேசுவ. நாலு வருஷமா பொட்டியத் தேடறது நானு, கத சொல்றது நீ. ஒரு நாளு நானும் சொல்லிப் பாக்கலாம்னு போனேன்.”

“என்னத்தச் சொன்ன?”

“நம்ம எக்ஸ்சேஞ்ச் கததான். கனி கடத் தேத்தண்ணியும் சொன்னேன். இன்னிக்குக் குறிப்பப் படிச்சதும் இவளே எடத்தச் சொல்லிட்டா.”

என் வாய் கசந்தது. மூன்று கோப்பியினால் அல்ல.

பேனாவை நீட்டினேன். “சரி, எழுது. மொத வரியில நம்ம பேரு.”

நவமணி சிரித்தே விட்டாள். “எப்படிலா எழுதறது? எந்தப் பேருல இதப் போட்ட?”

கைப்பேசியைப் பார்த்தேன். ஒளித்தவர்: டெலிபோன் அக்காமார். என்னிடம் இருப்பது அந்த ஒரு பெயர்தானே. ஒளித்தவர் தன் பெட்டியில் கையெழுத்துப் போடக் கூடாது. அறுபத்திரண்டு பெட்டி எடுத்தவளுக்கு அது மறந்துபோயிருக்கிறது.

“நம்ம பொட்டிதான்லா இது,” என்றாள் நவமணி. “நானும்தான ஒளிச்சவ. காட்டலாம்னு இவளக் கூட்டியாந்தேன்.”

தாள் வெறுமையாக இருந்தது. ரொஸ்னா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

“நான் போடட்டுமா, அக்கா? வேணாம்னா பரவால்ல.”

நவமணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை ரொஸ்னாவிடம் கொடுத்தேன்.

“போடு. தேதியும் எழுது.”

முதல் வரியில் அவள் எழுதினாள். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தேன். கையெழுத்துகூட அழகாக இருந்தது.

“வா, ஆயர் ஈத்தாம்ல ஒரு பொட்டி இருக்காம். காருல ஏறு,” என்றாள் நவமணி.

“முன் சீட்டு எனக்கு,” என்றேன்.