கிளியோட்டிஸ் ஊதிய அபசுரம்

வேண்டுமென்றே தப்பாக ஊதுவது என்று கிளியோட்டிஸ் முடிவு செய்தது டேட்டன் கண்காட்சித் திடலில், எண்பத்து மூன்றாம் வருடம் ஜூலை மாத மதியத்தில். மற்ற வழியெல்லாம் முட்டுச்சந்தாகவே முடிந்திருந்தது.

அவன் ‘ஃபர்னஸ் ரோடு’ பாட்டுக் குழுவில் டிராம்போன் என்னும் நீண்ட பித்தளைக் குழலை ஊதுபவன். எழுபத்து நான்கில் அவர்களுடைய ‘வாணலி’ பாட்டு வந்தபோது நாடே ஆடியது. தொடக்கத்தில் அவன் கையை நீட்டி மடக்கி ஊதும் ஒரே ஒரு இழுப்பு, தின்று முடித்தவன் விடும் சுகமான ஏப்பம் மாதிரி. அதற்குத்தான் ஜனம் நாற்காலியை விட்டு எழுந்தது. டெட்ராய்ட்காரன் காப்பியடித்தான், அட்லாண்டாக்காரன் காப்பியடித்தான், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அணிவகுப்பில் அதை ஊதிக்கொண்டு போனார்கள்.

பிறகு புது மாதிரி கீபோர்டு வந்து தொலைத்தது. ஒரு கட்டையைத் தொட்டால் அதே இழுப்பு. டிரம்பெட்காரனையும் சாக்ஸபோன்காரனையும் கழற்றிவிட்டார்கள்; அவர்கள் ஒப்பந்தமும் அத்தோடு முடிந்தது. கிளியோட்டிஸை மட்டும் விடவில்லை. ஆல்பம் அட்டையில் மின்னுவது அவனுடைய பித்தளை, அது மேடையிலும் மின்ன வேண்டும் என்று இசைத்தட்டுக் கம்பெனி ஒற்றைக்காலில் நின்றது. ஒப்பந்தப்படி இன்னும் நான்கு வருடத்துக்கு அவன் வேறெங்கும் வாசிக்கக் கூடாது. சின்சினாட்டியில் ஒரு ஜாஸ் குழு அவனுக்கு இடம் வைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள்.

அன்று காலையில்கூட குழுத்தலைவன் ஓடெலிடம் கெஞ்சினான். ஓடெல், கிளியோட்டிஸின் மனைவி வெர்னிட்டாவுக்கு அண்ணன்.

“மச்சான், என்னை விட்டுடுங்க. அவங்க ரெண்டு பேரை அனுப்பினீங்கல்ல?”

“அவனுங்க மூஞ்சியை எவன் பார்த்தான்? உன்னைப் பார்க்கத்தான் மாப்ளே கூட்டம் வருது.”

“ஒரு பொம்மையை நிறுத்திக்கோங்களேன்.”

“பொம்மைக்கு உன் இடுப்பு வருமா?” ஓடெல் விழுந்து விழுந்து சிரித்தான். “மேடையில எங்க மானத்தை வாங்கினாதான் கம்பெனி உன்னை விடும். போடா, சட்டையை மாட்டு.”

சரி, வாங்கிவிட வேண்டியதுதான் என்று வெள்ளி நிற உடுப்பை மாட்டிக்கொண்டு ஏறினான் கிளியோட்டிஸ்.

முன்வரிசையில் வெர்னிட்டா இருந்தாள். முன்பு வார்ப்பட ஆலையில் அவனோடு வேலை பார்த்தவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சொந்த ஊரில், இத்தனை பேர் முன்னால் அசிங்கப்படப் போகிறோமே என்று அவர்கள் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டான். ‘வாணலி’ தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு ஊதினான். பிரசவ வலியில் மாடு கத்துவது போல ஒரு அபசுரம்.

கூட்டம் ஆர்ப்பரித்தது.

இன்னும் கேவலமாக ஊதினான். தாளம் தப்பி ஊதினான். கடைசியில் வாத்தியத்தின் வாயை மைக்கின் மேலேயே வைத்து, உடம்பிலிருந்த காற்றையெல்லாம் சேர்த்துப் பிளிறினான். ஒலிபெருக்கியிலிருந்து வந்ததோ பிசிறில்லாத அந்த இழுப்பு. பெண்கள் வீறிட்டார்கள். ஓடெல் பாடிக்கொண்டே அவனைப் பார்த்துக் கண்ணடித்தான்.

இறங்கியதும் நேராக ஒலியமைப்பாளனிடம் போனான். “தம்பி, என் மைக்குல என்ன கோளாறு?”

“கோளாறா? அது ஈஸ்டர்ல இருந்தே ஆஃப்தானேண்ணே, உங்க இழுப்பெல்லாம் கீபோர்டுலதான் வருது. ஓடெல் அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா?”

கிளியோட்டிஸ் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். ஈஸ்டரிலிருந்து முப்பது மேடைக்குக் குறையாது. ஒவ்வொன்றிலும் உதடு வீங்க ஊதியிருக்கிறான். கெட்ட பெயர் வாங்கக்கூட அவனுக்கு வழி வைக்கவில்லையே என்று நெஞ்சு எரிந்தது.

வெர்னிட்டா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். கண்ணெல்லாம் ஈரம். “கிளியோ! இன்னைக்கு மாதிரி நீ வாசிச்சதே இல்ல. என் பக்கத்துல நின்ன பொம்பளை அழுதுட்டா, தெரியுமா?”

மைக் விஷயத்தைச் சொல்லத்தான் அவன் வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். சட்டைக் கையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டான்.

நான்கு மணிக்கு இரண்டாவது ஆட்டம். “மாப்ளே, ஏறு!” என்று ஓடெல் கத்தினான். கிளியோட்டிஸ் ஏறினான், வாத்தியத்தை உதட்டில் வைத்தான். இம்முறை ஊதவில்லை. கன்னத்தை மட்டும் உப்பிக்கொண்டு கையை நீட்டி மடக்கினான். இழுப்பு தவறாமல் வந்தது. முன்வரிசையில் வெர்னிட்டா கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள்.